இரண்டு படி மண்

25-3-1975: கம்பம் நட்டது. மண் 2 படி.
28-3-1975: பெங்களூர். ரயில் கட்டணம் ரூ. 9.60.
22-3-1977: கம்பம் நட்டது. மண் 2 படி.
26-3-1977: நைரோபி.
4-4-1978: கம்பம் நட்டது. மண் 2 படி.
8-4-1978: பெர்த். மண் இல்லை.
மொத்தம்: சர்வதேச ஆட்டங்கள் 31. போட்ட கோல் 0. போன பல் 2. தையல் 17.

இந்தக் கணக்கு வெள்ளியங்கிரியுடையது. எருமப்பட்டிக்குக் கிழக்கே இரண்டு மைலில் உள்ள வேலங்காட்டூரில் 9-8-1950 அன்று பிறந்தவர். இந்திய ஹாக்கி அணியில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர். கோல் போடுகிறவன் பெயர் பத்திரிகையில் வரும்; போட விடாமல் செய்கிறவன் பெயர் மருத்துவமனைச் சீட்டில் வரும். ஆகவே அவரைப் பற்றி அதிகம் பேர் அறியாததில் வியப்பில்லை.

நாமக்கல்லில் பள்ளியில் படித்தபோது ஹாக்கிக்குப் பதினோரு பேர் தேவைப்பட்டார்கள். பந்தைக் கண்டதும் பத்துப் பேர் முன்னால் ஓடினார்கள். வெள்ளியங்கிரி நின்ற இடத்திலேயே நின்றார். அப்படியே அவர் தடுப்பாட்டக்காரர் ஆனார். ஆனால் அவர் கால்கள் பள்ளியில் பழகியவை அல்ல. வேலங்காட்டூர் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் கம்பம் நடுவார்கள். மூன்று கிளையுள்ள ஒரு மரத்தண்டைக் கோயில் முன் குழி தோண்டி நட்டு, பறையடிக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே, இடுப்பை வளைத்து ஒரு திரும்பல். இதைத்தான் அவர் மைதானத்திலும் செய்தார். இவர் முன்னே வருகிறார் என்று எதிராளி பந்தை வெட்டுவான். அதற்குள் இவர் ஓர் அடி பின்னே போய், திரும்பி, பந்தோடு நிற்பார். ஆட்டத்தைப் பார்த்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இது எந்தப் பள்ளியின் முறை என்று கேட்டாராம். "மாரியம்மன் கோயில்" என்றார் வெள்ளியங்கிரி. பயிற்சியாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

1972இல் சேலம் ஜங்ஷனில் பார்சல் பிரிவில் வேலை கிடைத்தது. ரயில்வே அணியில் ஆடினார். சனிக்கிழமை மாலை ஊருக்கு வந்து ஞாயிறு மாலை திரும்புவார். ஊரில் அம்மா பாவாயி மட்டும். நாலு ஏக்கர் மேட்டுக்காடு, கடலைப் பயிர், இரண்டு ஆடு, ஓர் எருமை. ஹாக்கியைப் பற்றி பாவாயிக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. பந்து அத்தனை வேகமாக வருகிறது என்றால் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

26-3-1975 காலையில் தந்தி வந்தது. இந்திய அணித் தேர்வு முகாமுக்கு இருபத்தெட்டாம் தேதி பெங்களூரில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய இரவுதான் கம்பம் நட்டிருந்தார்கள். நட்ட இரவில் ஊரில் இருந்தவர்கள், பதினைந்து நாள் கழித்துக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கும் போகலாம். படுக்கைக்கு ஊர் திரும்ப வேண்டும். பெங்களூர் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்ப வழியில்லை.

பாவாயி பூசாரி சின்னண்ணனைக் கூட்டி வந்தார்.

"ஏனுங் பூசாரி, நாட்டுக்காக ஆடக் கூப்பிடறாங்க. மாரியாத்தா ஒத்துக்காதுங்களா?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

"ஆத்தா ஒத்துக்கும். ஊரு ஒத்துக்காதே" என்றார் சின்னண்ணன். தந்தியைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணு பண்ணலாம். ஊரு மண்ணுல தலை வெச்சுப் படுக்கோணும், அதான முறை? கம்பத்தடி மண்ணு ரெண்டு படி அள்ளிப் பையில தெச்சுக்க. தெனமும் அது மேல தலைய வெச்சுப் படு. திரும்பி வந்து பையோட கெணத்துல உட்ரு."

பாவாயி ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "கேட்டுக்க சாமி. ஒரு ராத்திரி தவறுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது, உன்ற மட்டை அடுப்புக்குள்ற போயிரும். அதுக்கப்புறம் நீ மட்டையத் தொட்டீன்னா நான் உன்ற கையில சோறு வாங்கித் திங்க மாட்டன். மாரியாத்தா மேல சத்தியம்."

வெறும் பேச்சு என்று எண்ண வேண்டாம். 1968இல் கடலை பிடுங்க வராமல் விளையாடப் போனதற்காக அவருடைய மட்டை ஒன்று வெந்நீர் அடுப்பில் எரிந்திருக்கிறது. அம்மாவின் சத்தியத்தை மீறி ஆடக்கூடிய மனிதரும் அல்ல வெள்ளியங்கிரி.

பெங்களூர் முகாமில் அறைத்தோழரான கோல்கீப்பர் அந்தத் தலையணையைத் தூக்கிப் பார்த்து, தோளைப் பிடித்துக்கொண்டார். எடை நாலரைக் கிலோ. விவரம் தெரிந்ததும் அவரும் ஓர் இரவு அதில் தலை வைத்துப் படுத்தார். மறுநாள் முழுவதும் கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றார். வெள்ளியங்கிரியோ நன்றாகத் தூங்கினார், நன்றாக ஆடினார், அணியில் சேர்ந்தார்.

இப்படி ஒரு வழி கிடைத்த பிறகு, கம்பம் நடுவதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று. முதல் இரவு ஆட்டத்தை விட அவருக்கு மனம் வராது. ஆடிவிட்டு மறுநாள் மண்ணோடு கிளம்புவார். 1977இல் மண் நைரோபி போய் வந்தது. அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கேட்டார்கள்.

விமான நிலையத்தில் ஆட்டக்காரர்களின் பூட்ஸ் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடச் சுரண்டிக் கழுவச் சொன்ன அதிகாரி, நாலரைக் கிலோ தலையணையைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன?"

"தலையணை" என்றார் அணி மேலாளர்.

அதிகாரி தையலைப் பிரித்து மண்ணை ஒரு தகர டப்பாவில் கொட்டினார். பதற்றத்தில் வெள்ளியங்கிரி அந்த மண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். காலிப் பையை மருந்தில் முக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு படிவத்தை நீட்டினார்கள். நிரந்தர முகவரி என்ற இடத்தில், எதையும் ஒழுங்காகச் செய்கிற வெள்ளியங்கிரி, வேலங்காட்டூர் வீட்டு முகவரியை எழுதினார்.

"ஆய்வு முடிவை உங்கள் வீட்டுக்கே அனுப்பிவைப்போம்" என்றார் அதிகாரி, அன்பாக.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் அவர் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டம் ஆடினார். ஒன்பது பெனால்டி கார்னர், ஒன்பதையும் தடுத்தார். இந்தியா இரண்டு கோலில் வென்றது. எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் முகம் மட்டும் தொங்கியிருந்தது. மண் இல்லாமலே இப்படி ஆட வருமென்றால், இத்தனை நாள் கழுத்து வலிக்கச் சுமந்தது எதற்கு?

18-4-1978 அன்று சேலத்தில் இறங்கினார். ரயில்வே குடியிருப்பின் பின்புறம் இரண்டு படி மண் அள்ளி, பூட்ஸ் தைக்கும் நூலால் பையைத் தைத்தார்.

அன்று மாலை ஊரில் பாவாயி பையை முகர்ந்தார். "என்னடா, மருந்து வாசம் அடிக்குது?"

"வெளிநாட்டு வாசம்மா."

"தையலும் வேற மாதிரி இருக்குது."

"ஏரோப்ளேன்ல பிரிஞ்சு போச்சு."

"தலை வெச்சுத்தான படுத்த?"

"ஆமா" என்றார் வெள்ளியங்கிரி. மறுநாள் பை கம்பத்தோடு கிணற்றில் போயிற்று.

அன்று தொடங்கியது அவருடைய இன்னொரு தடுப்பாட்டம். எருமப்பட்டித் தபால்காரர் சுவாமிநாதனைப் பிடித்தார். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதம் எது வந்தாலும் அம்மா கையில் கொடுக்கக் கூடாது. சனிக்கிழமை தன்னிடம்தான் தர வேண்டும்.

"தர்றனுங்க. ஸ்டாம்ப மட்டும் நான் கிழிச்சுக்கறனுங்க. பொண்ணு சேத்தறா" என்றார் சுவாமிநாதன்.

முதல் கடிதம் 14-6-1978இல் வந்தது: மண் கிடைத்தது. இரண்டாவது 3-5-1979இல்: மண் இன்னும் கண்காணிப்பில் உள்ளது. இரண்டும் மூலையில் ஓட்டையோடு வெள்ளியங்கிரியிடம் சேர்ந்தன. பாவாயி கண்ணில் படவில்லை.

1981 பிப்ரவரியில் இன்னொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு அவர் பெயர் வந்தது. வயது முப்பது, இதுவே கடைசி என்று அவருக்குத் தெரியும். இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, சேலத்தில் ஓர் ஆட்டம் இருந்ததால் ஊருக்கு வரவில்லை. நான்கு பெனால்டி கார்னர் தடுத்தார். அதே நாள் சுவாமிநாதன் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குத் தம்மம்பட்டி போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் கடிதத்தை நேரே பாவாயி கையில் கொடுத்துவிட்டார். தபால்தலை முழுசாக இருந்தது.

ஞாயிறு காலை வெள்ளியங்கிரி வந்து மட்டையை மூலையில் சாய்த்தபோது, பாவாயி அடுப்புக்குப் பக்கத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினார்.

"இங்கிலீசாமா. படி, என்ன போட்டிருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. அந்த ஊரு ஆட்டக்காரங்க சுகம் கேட்டு..." என்று இழுத்தபடியே கண்ணால் மேலே படித்தார். மாதிரி எண் 412. செம்மண். தீங்கான பூச்சிகள் இல்லை. ஆட்டுப் புழுக்கை உண்டு. நிலக்கடலைப் பருப்பு நான்கு. அவற்றில் மூன்று முளைத்தன, ஒரு செடி காய்த்தது. இரண்டு பருவம் பார்த்தும் நோய் ஏதும் இல்லாததால் மண்ணும் செடியும் எரிக்கப்பட்டு...

அவர் நிறுத்தினார். மறுபடி படித்தார்.

"அம்மா. கோயிலு முன்னால வருசா வருசம் ஓடை மணல்தான கொட்டுவாங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுல செம்மண்ணும் கடலையும் எப்படிம்மா வந்துது?"

பாவாயியின் கை புளியிலேயே நின்றது.

"எந்தக் கடலை?"

"கம்பத்தடி மண்ணுல. ரெண்டு பருவம் வெச்சுப் பாத்தாங்களாம், ஒரு செடி காச்சுதாம். ஆட்டுப் புழுக்கையும் இருந்துதாம்."

பாவாயி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"மண்ணு எடுன்னு சொன்னவனும் சின்னண்ணன்தான், குழியில கை வெச்சா ஆகாதுன்னு வெரட்டி உட்டவனும் அவன்தான்" என்றார் பாவாயி. "நான் என்ன பண்ணட்டும்? நம்ம மேட்டுக்காட்டுல அள்ளுனன். அதும் இந்த ஊரு மண்ணுதான?"

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்தான்." அம்மா தலையைத் தூக்கினார். "அது சரி. பையத் தெச்சது நானு, கெணத்துல உட்டது நானு. உள்ள இருந்த கடலை இந்தக் கடுதாசி எழுதுனவனுக்கு எப்படிரா தெரிஞ்சுது?"

அதுவரை ஆடிய இருபத்தாறு சர்வதேச ஆட்டங்களில் எத்தனையோ பந்துகளைத் தடுத்தவருக்கு இதைத் தடுக்க முடியவில்லை.

"புடுங்கிக்கிட்டாங்கம்மா. கெணத்துல உட்டது சேலத்து மண்ணு."

"எத்தன ராத்திரி?"

"பத்து."

பாவாயி மூலையிலிருந்த மட்டையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். வெள்ளியங்கிரி இரண்டையும் பார்த்தார்.

"நான் மூணு, நீ பத்து" என்றார் பாவாயி. "ஆனா நான் பெரியவ. எனக்கு ஒண்ணுக்கு மூணா வெச்சுக்க. ஒண்ணு மட்டும் உனக்குப் பாக்கி. அதுக்கு ஒரு படி எண்ணெய் கோயிலுக்கு ஊத்திரு. இந்தத் தடவை கம்பம் நடறதுக்கு முந்தின நாளே கெளம்பு. மண்ணு, மசுரு எல்லாம் வேண்டாம்."

மட்டை தப்பியது. பாவாயி மறுபடி புளியில் கை வைத்தார், மறுபடி எடுத்தார்.

"ஏன்டா, ஒரு செடி காச்சுதுன்னியே. எத்தன காய்?"

"அது எழுதலம்மா."

"எழுதலயா? ரெண்டு பருவம் பாத்தானாம், காயி எண்ணத் தெரியல. நல்லா ஆபீசு. கேட்டு எழுது."

வெள்ளியங்கிரி கேட்டு எழுதினார். 16-3-1981, திங்கட்கிழமை, கம்பம் நடுவதற்கு முந்தைய நாள், சாதாரணப் பஞ்சுத் தலையணையோடு கிளம்பினார். முதல் இரவு ஆட்டம் அவர் இல்லாமல் நடந்தது. பயணத்தில் ஐந்து ஆட்டம் ஆடினார். மேலே சொன்ன முப்பத்தொன்றில் அவையும் சேர்ந்துவிட்டன. இரண்டாவது பல் அப்போது போனதுதான். 1983இல் மட்டையை வைத்துவிட்டார். பார்சல் பிரிவில் வேலை தொடர்ந்தது.

அவர் கேட்டதற்குப் பதிலும் வந்தது. சுவாமிநாதன் இந்த முறை அதைப் பாவாயி கையிலேயே கொடுத்தார். தபால்தலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரே வரி: காய் பதினான்கு, அதில் இரண்டு பருப்பில்லாத பொக்கு. நம் காட்டில் ஒரு செடிக்கு இருபதுக்குக் குறையாது என்று பாவாயி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 12-8-1981, புதன்கிழமை.