மச்சானின் முதுகெலும்பும் ஒரு சிடியும்

போன புதன்கிழமை காலை பதினொன்றரை மணி. சிதம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டர் முன்னால் நானும் என் மனைவியின் தம்பி சாதிக்கும் உட்கார்ந்திருந்தோம். சரியாகச் சொன்னால், நான் உட்கார்ந்திருந்தேன். சாதிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. இரண்டு வாரமாக அவன் நிலைமை அதுதான்.

டாக்டர் ஸ்கேன் கவரைப் பிரித்தார். ரிப்போர்ட்டைப் படித்தார். கவருக்குள் கைவிட்டு ஒரு சிடியை வெளியே எடுத்தார். அவர் மேசையில் புத்தம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று பளபளத்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தார். சிடியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“சார், இத நான் எதுல போட்டுப் பாக்கறது?”

எனக்கு வந்ததே கோபம்! நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் என்னிடம் கேட்கிறார்.

“பழைய சிஸ்டத்துல சிடி போடறதுக்கு இருந்துச்சு. போன மாசந்தான் மாத்துனோம். இதுல அந்த வசதியே இல்லன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது” என்றார் பாவமாக. “பிலிம் எதுவும் குடுக்கலியா?”

“இப்பல்லாம் பிலிம் கெடையாதாம் டாக்டர். எல்லாருக்கும் சிடிதானாம்.”

என்ன அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாதிக் சவுதியில், தமாமில் ஏசி மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஏசியின் வெளிப்பெட்டியைத் தோளில் வைத்து மாடி மாடியாக ஏற்றுகிற வேலை. பதினைந்து வருஷமாக அத்தனை பெட்டி தூக்கியும் ஒன்றும் ஆகாதவன், லீவில் பரங்கிப்பேட்டைக்கு வந்து வீட்டு பீரோவை நகர்த்தினான். அவ்வளவுதான். முதுகில் பிடித்தது, இடது கால் வரைக்கும் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை விமானம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் நிறைய வாயில் நுழையாத இங்கிலீஷ். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதைப் படிக்காமலேயே “ஜவ்வு வெலகிடுச்சு, ஆபரேஷன்தான்” என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆபரேஷன் என்றால் விமானம் இல்லை. விமானம் இல்லையென்றால் கம்பெனிக்காரன் வேறு ஆளைப் போட்டுவிடுவான். வீட்டில் படிக்கிற பெண்பிள்ளைகள் மூன்று பேர்.

டாக்டர் நல்ல மனிதர். “ரிப்போர்ட்ட மட்டும் வெச்சி ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். படத்த என் கண்ணால பாக்கணும். எங்கயாவது பென் டிரைவ்ல ஏத்திக் கொண்டாந்துருங்க. ரெண்டு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் திங்கக்கெழமதான்” என்றார்.

ஒரு சிடியை பென் டிரைவில் ஏற்ற வேண்டும். இரண்டரை மணி நேரம் இருக்கிறது. இவ்வளவு பெரிய சிதம்பரத்தில் இது ஒரு வேலையா?

வேலைதான் ஐயா... வேலைதான்!

முதலில் ஒரு கம்ப்யூட்டர் கடை. வரிசையாக இருபது பெட்டி அடுக்கியிருந்தார்கள். “எதுலயாவது சிடி டிரைவ் இருக்கா?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த ஓட்டையே இப்ப எந்தப் பொட்டியிலயும் வர்றதில்ல பாய். தனியா வேணும்னா ஆர்டர் போட்டுடறேன். வெள்ளிக்கெழம வந்துரும்.”

இரண்டாவதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ. “கல்யாண வீடியோவே பென் டிரைவ்லதான் குடுக்கறோம் பாய்.” மூன்றாவது ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே இருந்தது! பழைய கம்ப்யூட்டர், முகப்பில் டிரைவ். பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லை. குண்டூசி விட்டுக் குத்தினார்கள். வந்தது. சிடியை வைத்தார்கள். உள்ளே போய் இரண்டு முறை முக்கிவிட்டு அப்படியே அடங்கிப்போனது. “லென்சு போயிருக்கும் பாய். யாரும் கேக்கறதில்ல, நாங்களும் பாக்கறதில்ல.” சிடியை வெளியே எடுக்க மறுபடியும் குண்டூசி.

காருக்கு வந்தேன். பின் சீட்டில் சாதிக் சாய்ந்து படுத்திருந்தான். கடலூரிலிருந்து என்னையும், வழியில் பரங்கிப்பேட்டையில் சாதிக்கையும் ஏற்றி வந்த டிரைவர் ராஜவேலு, “பாய், நம்ம வண்டில சிடி பிளேயர் இருக்குது. போட்டுப் பாக்கலாமா?” என்றார். முழு அக்கறையோடுதான் கேட்டார்.

“போடுங்கண்ணே” என்றான் சாதிக், கண்ணை மூடிக்கொண்டே. “என் முதுகு என்னா பாட்டு பாடுதுன்னு கேப்போம்.”

இந்த இடத்தில் என் சொந்தக் கதையையும் கொட்டிவிடுகிறேன். போன வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். அதே கடையில், அதே நாளில், ஒரு பிரிண்டரும். பிரிண்டர் பெட்டியைத் திறந்தால் மேலாக ஒரு சிடி. முதலில் இதைப் போடவும் என்று உத்தரவு வேறு. கம்ப்யூட்டரை முன்னால் தடவினேன், பக்கத்தில் தடவினேன், திருப்பி வைத்துத் தடவினேன். என் மனைவி, “என்னா, அதுக்கு முதுகு வலியா?” என்றாள். கடைக்குப் போன் போட்டால், “யாரு சார் இப்ப சிடி யூஸ் பண்றா?” என்று சிரிக்கிறார்கள்.

“நீங்கதானய்யா குடுத்தீங்க!” என்றேன்.

லேப்டாப்பில் சிடி டிரைவை எடுத்தார்கள், புரிந்துகொண்டேன். தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்குக் கனம் குறைய வேண்டும். டெஸ்க்டாப் என்ன பாவம் செய்தது? மேசையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராத ஒரு பெட்டிக்கு எதற்கு ஒல்லி இடுப்பு? தேரோட்டம் பார்க்கவா போகப்போகிறது?

தனியாக ஒரு டிரைவ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வாங்கலாம். வீட்டைக் கட்டி விற்றுவிட்டு, கதவு வேண்டுமானால் தனியாக ஆர்டர் போடுங்கள் என்று சொன்னால் அதற்கும் சரி என்பீர்களா?

சரி, காலம் மாறிவிட்டது, சிடி செத்துப்போச்சு என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கொடுக்கிறவர்களிடம் போய் அதைச் சொல்ல வேண்டாமா? ஸ்கேன் எடுத்தால் சிடி. சாமான் வாங்கினால் சிடி. ஆபீசில் மனு கொடுத்தால், “சாஃப்ட் காப்பி சிடில வைங்க.” கொடுப்பதும் கேட்பதும் நிற்கவே இல்லை. போட்டுப் பார்க்கிற வாயை மட்டும் தைத்துவிட்டார்கள்!

ஜெராக்ஸ் கடைக்காரர்தான் கடைசியில் காருக்கே வந்து வழி சொன்னார். தீசிஸ் பைண்டிங் பண்ணுகிற செல்வியக்கா கடைக்குப் போகச் சொன்னார். பிஎச்டி முடிக்கிறவர்கள் ஆராய்ச்சிப் புத்தகத்தின் பின் அட்டையில் சிடி ஒட்டித் தர வேண்டுமாம். அதனால் அந்தக் கடையில் மட்டும் டிரைவ் உயிரோடு இருக்கிறதாம்.

இருந்தது. பைண்டு போட்ட புத்தகங்களுக்கு நடுவில், துண்டு போட்டு மூடிய ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர். செல்விக்கு என் வயதுதான் இருக்கும். கையில் பசை ஒட்டியிருந்தது. சிடியை வாங்கித் துணியால் துடைத்து உள்ளே வைத்தார். உர்ரென்று சத்தம். என் வாழ்க்கையில் ஒரு மெஷின் சத்தத்துக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“தீசிஸ்ல ஒட்டற சிடியெல்லாம் யாராவது போட்டுப் பாப்பாங்களாம்மா?” என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“எனக்கின்னா தெரியும் சார்? இத்தினி வருஷமா சிடி ரைட் பண்ணிக் குடுக்கறேன். தொறக்கலன்னு ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல” என்றார். அதில் எவ்வளவு பெருமை, எவ்வளவு கிண்டல் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பிறகு அவர் மானிட்டர் பக்கம் குனிந்தார். “சார்... பேஷண்ட் பேரு கலியமூர்த்திங்களா?”

“இல்லியே. முகமது சாதிக்.”

“இதுல கலியமூர்த்தின்னு இருக்குது. வயசு அறுவத்தி ஒம்போது.”

சாதிக்குக்கு வயது நாற்பத்தி ஒன்று. கவரை எடுத்துப் பார்த்தேன். கவரில் சாதிக் பெயர். ரிப்போர்ட்டில் சாதிக் பெயர். சிடி மட்டும் மேலே ஒரு எழுத்து இல்லாமல் மொட்டையாக இருந்தது. திங்கட்கிழமை கடலூரில் ஸ்கேன் எடுத்தது. மூன்று நாளாக யாரோ ஒரு கலியமூர்த்தியின் முதுகெலும்பை நாங்கள் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம். திறந்து பார்க்க வழி இருந்திருந்தால் அன்றைக்கே, அந்த வாசலிலேயே தெரிந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் பொய். பயம். யாராவது பேரைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்திருந்தால்? இந்தப் படத்தைப் பார்த்து அந்த முதுகில் கத்தி வைத்திருந்தால்?

கடலூர் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“சாரி சார், கவர் மாறியிருக்கும். நேர்ல வாங்க, வேற சிடி போட்டுத் தர்றோம்.”

மணி பன்னிரண்டு ஐம்பது. கடலூர் போய்த் திரும்பி வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிடுவார்.

“அம்மா, சிடி வேணாம். அந்த வார்த்தையே என் காதுல வுழக்கூடாது. டாக்டரு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருப்பாரு. வேற வழியே கெடையாதா?”

“இருக்குது சார். லிங்க் அனுப்பலாம். வாட்ஸ்அப் நம்பர் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துரும்.”

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். செல்வி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

“இத ஏம்மா திங்கக்கெழமயே சொல்லல?”

“நீங்க கேக்கலியே சார்!”

கேட்க வேண்டுமாம். ஒரு கடையில் இப்படியொரு பண்டம் இருக்கிறது என்பதே தெரியாதவன் அதை எப்படிக் கேட்பான்? நீங்களே சொல்லுங்கள்.

கலியமூர்த்திக்கு உடனே விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். அவர் நம்பரைத் தர முடியாது என்றாள். அது நியாயம். என் நம்பரை அவரிடம் கொடுக்கும்படி இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தேன்.

லிங்க் வந்தது. சாதிக்கோடு டாக்டரிடம் திரும்பினேன். அவருடைய ஒல்லிக் கம்ப்யூட்டரிலேயே திறந்தார். முதலில் பேரைப் படிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சத்தமாகப் படித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் படங்களை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். சாதிக் நின்ற இடத்திலேயே உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தான்.

“ஆபரேஷன் வேணாம்” என்றார் டாக்டர்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றோம் இரண்டு பேரும்.

“ஆனா ஆறு வாரம் ரெஸ்ட். சனிக்கெழம ஃபிளைட்ட மறந்துருங்க. அதுக்கப்புறமும் கனம் தூக்கற வேல கூடவே கூடாது.”

“கனம் தூக்கலன்னா அங்க எனக்கு என்னா வேல டாக்டர்?” என்றான் சாதிக்.

டாக்டர் குனிந்து மாத்திரை எழுதினார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

கார் கிளம்பியது. பின் சீட்டில் படுத்தபடி சாதிக் தமாமுக்கு லீவு கேட்டு மெசேஜ் அடித்தான், அழித்தான், மறுபடியும் அடித்தான். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். சிடிமேல் கோபப்படுவதாவது சுலபமாக இருந்தது.

பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற முட்லூரை நெருங்கும்போது என் போன் அடித்தது. புது நம்பர். ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், குமராட்சிலேர்ந்து பேசறேன். கலியமூர்த்தி பையன். ஸ்கேன் சென்டர்ல சொன்னாங்க, சிடி மாறிப்போச்சாம்.”

“ஆமாங்க. உங்க டாக்டர் அந்த சிடிய பாத்துட்டாரா?” என்று பதறிக்கொண்டு கேட்டேன்.

“அவரு எங்க சார் பாத்தாரு? இதப் போட எங்கிட்ட மெஷின் இல்லன்னு கையிலகூட வாங்கல. ரிப்போர்ட்ட மட்டும் படிச்சி மாத்திர எழுதிக் குடுத்தாரு. அப்பாவுக்கு இப்ப தேவல. இப்ப லிங்கு அனுப்பச் சொல்லியிருக்கோம்.”

எனக்கு மூச்சு வந்தது. “அப்ப எங்க சிடி பத்திரமா இருக்குதுல்ல?”

“அதான் சார் விஷயம்... எதுக்கும் உதவாதுன்னு எங்கப்பா அத எடுத்துட்டுப் போயி நாத்தங்கால்ல குச்சி நட்டு கட்டி வுட்டுட்டாரு. வெயில்ல சும்மா மின்னுது சார். நேத்துலேர்ந்து ஒரு குருவி எறங்கல. அவுத்துக் கொண்டாந்து குடுக்கணுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சத்தம். இரண்டு வாரத்தில் சாதிக் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். சிரித்தால் முதுகு வலிக்கிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னான்:

“அவுக்க வேணாம்னு சொல்லுங்க மச்சான். தமாம்ல வேல போனாலும், என் முதுகுக்குக் குமராட்சியில வேல கெடச்சிருச்சு.”