நெடுக்கு வெட்டு

பெங்களூரில் ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்ற மாட்டார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் இதுதான் எனக்குப் பெரிய விசித்திரமாக இருந்தது. குடியாத்தத்தில் சித்திரை வெயிலில் சட்டை போட்டவனைத்தான் திரும்பிப் பார்ப்போம். ஜவுளிக்கடை முதலாளியும் வெறும் துண்டோடுதான் கடையில் இருப்பார். இங்கே நீலசந்திராவில் எங்கள் வரிசை வீடுகளில் கடுங்கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தன் பால் வாங்கப் போவான். குழாயடியில் குளிக்கிறவன்கூட முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்ட பிறகுதான் பனியனைக் கழற்றுவான், துவட்டியவுடன் மாட்டிக்கொள்வான். ஒருவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியாமலே இந்த ஊரில் ஆயுசைக் கழித்துவிடலாம். எனக்கு அது மிகவும் சௌகரியமாகப் போயிற்று. நான் சட்டைக்குள் எதை மடித்துச் சொருகி வைத்திருந்தேன் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான் அது தெரியும். முனிசாமி மாமா உங்கள் எல்லோருக்கும் அதைத் தூக்கிக் காட்டினார். அந்த மனிதனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. பெங்களூர்த் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்ட்டில், மிலிட்டரி ஹோட்டல் வைத்திருந்தார். பட்டாளத்துக்குச் சொந்தமான கடை என்று ஊரில் நாங்கள் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, கறிச்சோறு போடுகிற கடைக்கெல்லாம் அந்தப் பெயர்தான். சுதந்திரம் வந்த மறு வருஷம் அப்பா போய்விட்டார். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போதே நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். மேசை துடைக்கப் போடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். “கல்லாவுல ஒல்லியா ஒருத்தன் குந்தியிருந்தா இந்தக் கடையில சோறு சரியில்லன்னு ஜனம் நெனைக்கும்டா ஏழுமலை. நீ குந்து. துன்னு. அதான் உன் வேலை” என்றார். ஊரே சட்டை போட்டுத் திரிகிற இடத்தில் என் சட்டையை மட்டும் கழற்றச் சொன்னார். மார்பிலும் வயிற்றிலும் சந்தனம் பூசி, தெருவைப் பார்க்க உட்கார வைத்தார். மத்தியானக் கூட்டம் வரும் நேரத்துக்கு எனக்குக் கல்லாவிலேயே இலை போடப்படும். களி உருண்டை, எலும்புக் குழம்பு, ஈரல் வறுவல். மெதுவாக, ருசித்து, எல்லோரும் பார்க்கத் தின்ன வேண்டும். போதும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சில வருஷங்களில் நான் கடையின் பெயர்ப்பலகை ஆகிவிட்டேன். சாப்பிட்டு முடித்தவர்கள் பாக்கு எடுக்கும்போது என் வயிற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஒரு கன்னடக்காரர் வயிற்றில் கை வைத்து, “ஏனு சாமி, எஷ்டு திங்களு?” என்று கேட்டார். எத்தனை மாசம் என்கிறார். இந்த ஊருக்கு வந்து எத்தனை மாசமாயிற்று என்று அக்கறையாக விசாரிக்கிறார் என்று எண்ணி, வருஷக் கணக்கு ஆயிற்று என்று நான் மரியாதையாகப் பதில் சொன்னேன். கடையே அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமா. சமையற்கட்டு வாசலில் நின்ற அவர் மகள் சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் முறைப்பெண். பிறந்தபோதே இவளுக்கு இவன் என்று பேசி வைத்ததுதான். அன்று சாயங்காலம் பாத்திரம் எடுக்க வந்தவள், “உனக்குக் கோவமே வராதா மாமா?” என்று கேட்டாள். வராமலா? எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இருந்த இடத்தையெல்லாம் சோறு அடைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பருவம் வந்து சில வருஷம் கழித்து அம்மா ஊரிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்தாள். மாமா தட்டைத் தொடவில்லை. “அக்கா, உன் புள்ளைய கல்லாவுல குந்த வைக்கலாம். மணையில குந்த வெச்சா மணை ஒடைஞ்சிடும். என் பொண்ணு இவன் பக்கத்துல நின்னா ஜனம் சிரிக்கும்” என்றார். என்னை ஊதவைத்தவரே அதைச் சொன்னார். நான் பாதி தின்ற இலையை அப்படியே விட்டு எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலியும் என்னோடு கொஞ்ச தூரம் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு அடுத்த சில வருஷங்களுக்கு ஆகாரம். நகரம் அப்போது நாலா பக்கமும் வீங்கிக்கொண்டிருந்தது. ராகி வயல்களையும் ஏரி ஓரங்களையும் அளந்து புதுப் பேட்டைகளுக்குக் கல் நட்டார்கள். சர்வேக்காரர்களுக்குச் சங்கிலி இழுக்கும் வேலையில் சேர்ந்தேன். இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை முள்ளிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். முதல் மாசம் மூச்சு வாங்கி வரப்பிலேயே விழுந்திருக்கிறேன். ஒரு வேளை களி, மோர்; அதற்கு மேல் ஒன்றும் தொடமாட்டேன். பசி வரும்போதெல்லாம் மாமாவின் முகத்தை நினைத்துக்கொள்வேன், பசி அடங்கிவிடும். யாரோ உள்ளேயிருந்து அள்ளி அள்ளி வெளியே போட்டதுபோல உடம்பு இறங்கிற்று. ஆனால் தோல் இறங்கவில்லை. வயிற்றுத் தோல் மடிந்து தொடைவரை தொங்கிற்று. ஈரத் துணியைச் சுருட்டுவதுபோல அதைச் சுருட்டி வேட்டிக்குள் சொருகி, மேலே சட்டையை இறக்கிவிடுவேன். மடிப்புக்குள் வேர்த்து, புண்ணாகி, நாற்றம் எடுக்கும். சட்டைக்கு மேலே பார்த்தால் நான் ஒரு சாதாரண மனிதன். அந்தச் சாதாரண மனிதனாகத்தான் கெங்கையம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். மாமா குடும்பமும் வந்திருந்தது. இனி எந்த வாயால் மறுப்பார் பார்க்கலாம் என்று போனேன்.

அந்த வெயிலில் ஊரே வெற்றுடம்போடு நிற்க, நான் மட்டும் முழுக்கைச் சட்டையில் நின்றேன். பெங்களூர் புத்தி! மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாடா, பெரிய துரையா நீ? கழட்டுடா சட்டைய” என்று கிட்டே வந்து அவரே தூக்கிவிட்டார். சொருகியிருந்தது சரிந்து விழுந்தது. அவர் ஒரு விநாடி திகைத்தார், பிறகு அதைக் கையில் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டி, “டேய், மூட்டையக் கொட்டிட்டுக் கோணிய மட்டும் வெச்சிக்கினு கீறான்டா!” என்றார். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். நீங்கள் சிரித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷமே சரோஜாவை வேலூரில் ஒரு மாப்பிள்ளைக்குப் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. முறைமாப்பிள்ளை இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால் முறை கழிக்காமல் தாலி ஏறாது. பந்தலில் அவனைச் சட்டையில்லாமல் உட்கார வைத்து, பெண்ணின் தகப்பன் தன் கையாலேயே அவன் மார்பிலும் வயிற்றிலும் சந்தனம் பூச வேண்டும். அவன் வெற்றிலை வாங்கிக்கொண்டால் பெண்ணை விட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம். அதன் பிறகு பந்தியில் முதல் இலை அவனுக்கு. ஆக, மாமா என்னைத் தொட்டே ஆக வேண்டும், அதுவும் சபையில். என்னைப் போகாதே என்றாள் அம்மா. போகாமலா இருப்பேன்?

அந்த ஆனி மாதத்தில் மடிப்புப் புண் முற்றிக் காய்ச்சல் வந்தது. இங்கே பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர். சுதந்திரத்துக்குப் பிறகும் ஊர் போகாமல் தங்கிவிட்டவர். அவர் பேசுவதைக் கன்னட நர்ஸம்மா எனக்குச் சொல்வார். புண்ணை ஆற்றிய பிறகு, தோலை அறுத்து எடுக்காவிட்டால் இது திரும்பத் திரும்ப வரும் என்றார் டாக்டர். இப்படி ஓர் ஆபரேஷன் உண்டு என்றே அதுவரை எனக்குத் தெரியாது. லேசான காரியமில்லை, ரத்தம் நிறையப் போகும், பிழைக்காமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஊதா மையால் என் அடிவயிற்றில் குறுக்காக ஒரு கோடு போட்டார். அங்கே வெட்டினால் தழும்பு வேட்டிக்குள் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. இன்னொரு வழி, மார்புக்குழியிலிருந்து தொப்புளைத் தாண்டி நெடுக்காக வெட்டி, இரண்டு பக்கத்தையும் இழுத்துத் தைப்பது. அதில் புண் பெரிது, ஆற நாளாகும், தழும்பும் சாகும்வரை எல்லோர் கண்ணிலும் படும். “அட்டவா, உத்தவா?” என்று கேட்டார் நர்ஸம்மா, குறுக்கா நெடுக்கா என்று. நான் யோசிக்கவே இல்லை. உத்தவே, நெடுக்கே என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்து மறுபடி குறுக்குக் கோட்டைக் காட்டி, வேட்டி கட்டுவதுபோலச் சைகை செய்து, தெரியாது, தெரியாது என்று கை விரித்தார். தெரிய வேண்டும் என்றேன் நான். இரண்டு பேரும் இங்கிலீஷில் என்னவோ பேசிக்கொண்டார்கள். கடைசியில் நர்ஸம்மா தயங்கித் தயங்கி, நீங்கள் நாமக்காரரா, வயிற்றிலும் நாமம் வேண்டும் என்று வேண்டுதலா என்று டாக்டர் கேட்பதாகச் சொன்னார். ஏழுமலை என்று பெயர் வைத்த பாவம்! மாமாவுக்கு நாமம் போடத்தான் என்று சொல்ல எனக்குக் கன்னடம் போதவில்லை. ஆமாம், வேண்டுதல் என்று தலையாட்டிவிட்டேன். பார்க்கப்போனால் அதுவும் பொய்யில்லை. மேசையில் படுத்து மயக்க மருந்தை மோந்தபோது சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை. செத்தால் அந்த ஆள் தப்பித்துவிடுவானே என்கிற ஒரே பயம்தான் எனக்கு இருந்தது.

சாகவில்லை. புண் ஆற ஐப்பசி ஆயிற்று. வலது பக்கம் ஓரமாக இருந்த மச்சம் இப்போது நடுவயிற்றுக்கு வந்திருந்தது. தையல் மார்புக்குழியிலிருந்து கீழே வரை மண்புழு நிறத்தில் தடித்து ஓடிற்று. அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? தை மாதம் முழுக்கைச் சட்டையோடு ஊருக்கு ரயில் ஏறினேன்.

பந்தலில் நானே சட்டையைக் கழற்றினேன். மாமா சந்தனக் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் குனிந்தார். கண்டார். கை பாதியில் நின்றது. “பூசு மாமா. கோணிய வெட்டித் தெச்சிட்டேன். நீ தொட்டுப் பாரு” என்றேன். நெடுநாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் முகம் சுருங்கிக் கறுத்தது. முதலில் ஓரத்தில் பூசினார்; சந்தனத்தின் குளிர்ச்சி சுரீரென்று ஏறிற்று. பிறகு உள்ளங்கையைத் தழும்பின் மேல் வைத்து மேலிருந்து கீழே கொண்டுபோனார். அந்தக் கை போவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தையல் ஓடிய இடம் பூராவும் உணர்ச்சி செத்திருந்தது. உயிரைப் பணயம் வைத்து நான் வரவழைத்த கை, என் மேலேயே இருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. வயிறெரிந்தது.

சரோஜாவுக்காக வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். மணையில் இருந்தவள் தலை நிமிர்ந்து தழும்பைப் பார்த்தாள். கோபம் வராதா என்று கேட்டவளுக்குப் பதில் கிடைத்திருக்கும். முதல் இலையில் என்னை உட்கார்த்தி மாமா தானே பரிமாறினார். கல்லாவில் போட்டதுபோலவே, கேட்காமல், குவித்து. “துன்னுடா” என்றார். நான் இலையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், எழுந்தேன். கை நனைக்காமல் பந்தலை விட்டு வெளியே வந்தேன். “ஏழுமல, ஒரு வாய்டா” என்று பின்னால் கூப்பிட்டார். திரும்பவில்லை. என்னைத் தின்னவைத்தே பிழைத்த மனிதன் போட்ட முதல் இலை, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் தொடப்படாமல் காய்ந்தது. இது போதும் என்று அப்போது நினைத்தேன்.

ரயிலில் கூட்டம், தையிலும் வெக்கை. ஜோலார்ப்பேட்டை தாண்டியும் எல்லோரையும்போல நானும் சட்டை இல்லாமல் துண்டோடு வந்தேன். எதிர்சீட்டில் கன்னடக் குடும்பம் ஒன்று கட்டுச்சோற்றைப் பிரித்தது. அந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டு, இந்த ஊர் வழக்கப்படி, “ஊட்டா ஆய்த்தா?”, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டாள். பசியில் காது அடைத்தது. “ஆய்த்து, கல்யாண ஊட்டா” என்றேன். குப்பம் தாண்டிக் குளிர்காற்று வந்ததும் ஒவ்வொருவராகச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். நானும் எடுத்தேன். சந்தனம் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. இந்தப் பக்கத் தோலையும் அந்தப் பக்கத் தோலையும் அது இறுக்கிப் பிடித்து இழுப்பது தெரிந்தது. நடுவில், அவர் கை போன வழியில், ஒன்றுமே தெரியவில்லை. அங்கேயும் சந்தனம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, தண்டு ஸ்டேஷன் வருவதற்குள் கழுத்துவரை பொத்தானைப் போட்டேன்.