இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு

எங்கள் வீட்டில் ஃபுட்போல் என்றால் ஒன்றுதான். உருண்டைப் பந்து, காலால் அடிப்பது. பள்ளிக்கூடத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும், அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒன்பது வயதில் நான் இந்த இரண்டு ஃபுட்போலுக்கும் நடுவில் வசித்தேன், இரண்டிலும் எனக்கு அக்கறை இருக்கவில்லை. ஆனால் 2013ஆம் ஆண்டு யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் முட்டைப் பந்து வந்து உருண்டைப் பந்தை இடித்தது. அந்த மோதலில் என் சித்தப்பாவின் ஆட்டம் பறிபோனது. பறிபோகக் காரணம் நான்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. அதற்கு முந்தின வருடம் படகில் வந்து, சில மாதங்கள் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, சிட்னியில் பிளாக்டவுன் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருக்குக் கொடுத்த விசாவில் நாட்டில் இருக்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது என்று போட்டிருந்தது. எனக்கு அது உலகத்திலேயே நல்ல விசாவாகத் தெரிந்தது. வேலைக்குப் போகிற அப்பாவும் அம்மாவும் எந்நேரமும் களைத்துப்போய் இருந்தார்கள். என்னோடு கரம் போர்ட் விளையாடவும், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகவும் நேரம் வைத்திருந்தவர் சித்தப்பா ஒருவர்தான்.

ஊரில் அவர் பாடசாலை அணியின் கோல் கீப்பர். எங்கள் பக்கத்துக் கழகத்தில் தமிழ் ஆட்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். அது இருந்தது ஆகக் கீழ்ப் பிரிவில். அதற்குக் கீழே புல் மட்டும்தான் இருந்தது. அதுவரை கோல் காத்தவர் பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். ஆகவே சித்தப்பாவைப் பயிற்சியில் பார்த்த முதல் நாளே அணித்தலைவருக்கு வாயெல்லாம் பல். அவர் கணினி வேலை செய்கிறவர், நாங்கள் பிள்ளைகள் அவரைக் கப்டன் அங்கிள் என்போம்.

ஆனால் உடனே விளையாட விடவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர் என்றால் சொந்த நாட்டு ஃபுட்போல் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். எந்த நாட்டை விட்டு ஓடி வந்தாரோ அந்த நாட்டிடமே போய், நான் இன்ன இடத்தில் பந்து பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல முடியுமா? கப்டன் அங்கிள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். ஏப்ரல் போய், மே போய், யூன் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சித்தப்பா கோட்டுக்கு வெளியே நின்று, வெளியில் போன பந்துகளை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் அனுமதி வந்தது. யூலையின் முதல் சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணிக்கு அவருடைய முதல் ஆட்டம். அப்பா புதுக் கையுறை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு சித்தப்பா மூன்று நாள் வீட்டுக்குள் நடந்ததை நான் கண்டேன்.

அதே சனிக்கிழமைதான் ரக்பியும் வந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் அணி அனுப்பும், அது ஆஸ்திரேலியாவுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், நம்முடைய கோயில் கும்பாபிஷேகம் மாதிரி. இரண்டு ஆட்டம் முடிந்து ஆளுக்கொரு வெற்றி. மூன்றாவது, முடிவான ஆட்டம், சிட்னியில் அன்று இரவு எட்டு மணிக்கு. எங்கள் கழகத்தில் நடுவர்கள், சிற்றுண்டிக் கடையில் நிற்கிற அம்மாமார், கோடு போடுகிற கிழவர் எல்லோருக்கும் அதைப் பார்க்க வேண்டும். எட்டு மணி ஆட்டத்துக்கு மூன்று மணிக்கே மைதானத்தைப் பூட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். நடுவில் பியர் என்று ஒரு சங்கதி இருக்கிறது. ஆகவே கழகம் அன்றைய ஆட்டங்கள் எல்லாவற்றினதும் நேரத்தை மாற்றியது.

செய்தி வியாழக்கிழமை சித்தப்பாவின் கைபேசிக்கு வந்தது. அந்தக் காலத்துக் கைபேசிகளில் தமிழ் வெறும் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும் என்பதால் கப்டன் அங்கிள் எல்லோருக்கும் ஆங்கிலத்திலேயே எழுதுவார். சித்தப்பாவுக்கு வருகிற ஆங்கிலத்தை எல்லாம் வாசித்துச் சொல்கிற உத்தியோகம் என்னுடையது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ரக்பி காரணமாகச் சனிக்கிழமை ஆட்டங்கள் எல்லாம் இரண்டு மணித்தியாலம் ப்ரோட் ஃபோர்வர்ட் என்று போட்டிருந்தது. பெரிய ஆட்களுக்கு எழுதியது என்பதால் புதிய நேரத்தை எழுதவில்லை. ப்ரோட் என்றால் கொண்டுவந்தது. ஃபோர்வர்ட் என்றால் முன்னுக்கு. அதுவும் எனக்கு அத்துபடி. ஏனென்றால் எங்கள் வீட்டில் மணிக்கூடு மாற்றும் உத்தியோகமும் என்னுடையதுதான். ஒக்டோபரில் கோடை நேரம் தொடங்கும்போது நான் கதிரையில் ஏறி நிற்பேன். அம்மா கீழே நின்று, "ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளு" என்பார். நான் தள்ளுவேன், எட்டு ஒன்பதாகும். ஆகவே இரண்டை இரண்டு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினால் நாலு. கணக்கில் பிழையே இல்லை.

"நாலு மணிக்கு மாத்தியிருக்கினம் சித்தப்பா."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம். ரெண்டு மணித்தியாலம் ஃபோர்வர்ட்."

"சரி, நீ சொன்னாச் சரி."

சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் விடியவே வேலைக்குப் போய்விட்டார்கள். நான் சித்தப்பாவின் கைபேசியில் பாம்பு விளையாட்டு விளையாடினேன். பாம்பு நன்றாக நீண்டு வருகிற நேரம் பற்றரி செத்துப்போனது. அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, பேசாமல் வந்து தொலைக்காட்சி பார்த்தேன். சித்தப்பா தன் ஃபுட்போல் சப்பாத்தைத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு மறுபடியும் துடைத்தார். பன்னிரண்டு மணிக்கு எனக்குச் சோறு போட்டுத் தந்தார். தான் சாப்பிடவில்லை, வயிறு பாரமாக இருந்தால் பாய முடியாதாம். கைபேசியை மறந்து வீட்டிலேயே விட்டுவிட்டு இரண்டரைக்கு பஸ் எடுத்தோம்.

மைதானத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி. ஒருவரும் இல்லை. மஞ்சள் கழுத்துத்துணி கட்டிய ஒரு வெள்ளைக்கார அன்ரி மட்டும் கோல் கம்பத்திலிருந்து வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நின்றார். சித்தப்பா கையுறையைப் போட்டுக்கொண்டே அவரிடம் போய், வலையை மறுபடி கட்ட உதவி செய்யப் போனார். நேரத்தோடு வந்துவிட்டோம், வேலை இன்னும் முடியவில்லை என்று நினைத்திருக்கிறார். அந்த அன்ரி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார். உங்கள் ஆட்டம் பன்னிரண்டு மணிக்கே தொடங்கிவிட்டது, ப்ரோட் ஃபோர்வர்ட் என்றால் முந்தி வைப்பதல்லவா, செல்லம் என்றார். எங்கள் அணி ஆறுக்குப் பூச்சியம் தோற்றது என்றும் சொன்னார். கோலில் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாராம்.

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பன்னிரண்டு என்ற சொல்லுக்குச் சித்தப்பாவின் ஆங்கிலம் போதும். அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு, கட்ட வந்த வலையைச் சுருட்ட அந்த அன்ரிக்கு உதவி செய்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க ரக்பிக்குப் போகிற மஞ்சள் சட்டைகள். நான் அழக்கூடாது என்று யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொஞ்சத் தூரம் போனபின் கேட்டேன்.

"சித்தப்பா, ஃபோர்வர்ட் எண்டா முன்னுக்குத்தானே?"

"ஓம்."

"மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினா நேரம் கூடுந்தானே?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "மணிக்கூட்டுக்கு அப்பிடித்தான். மட்சுக்கு மாறிப் போகுது. இங்கிலிஷ்காரன் செய்த வேலைக்கு நீ என்னம்மா செய்வாய்?"

முன் இருக்கையில் இருந்த மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் திரும்பி, சித்தப்பாவின் மடியில் இருந்த கையுறையைப் பார்த்து, வென்றீர்களா என்று கேட்டார். "யெஸ்" என்றார் சித்தப்பா. அந்த மனிதர் அவருடைய தோளில் தட்டினார்.

பொழுதுபடக் கப்டன் அங்கிள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் வேலையால் வந்திருந்தார்கள். நான் குசினி வாசலில் நின்றேன். கப்டன் அங்கிள் கதிரையில்கூட இருக்கவில்லை.

"என்ன தம்பி நடந்தது? ஏழு தரம் அடிச்சனான். போன் ஓஃப்."

 இதோ சித்தப்பா என் பிழையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்பாவின் நண்பர்கள் வந்தால் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலப் பத்திரிகை வாசிக்க வைப்பார்கள். அந்த மரியாதை எல்லாம் இன்றோடு போச்சு.

"நித்திரையாப் போனன் அண்ணை," என்றார் சித்தப்பா.

"பன்னிரண்டு மணிக்கோ?"

"காலமை சாப்பிட்டிட்டுச் சும்மா படுத்தனான். அப்பிடியே போட்டுது."

கப்டன் அங்கிள் சித்தப்பாவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துப் பேசினார். "வேலையுமில்லை, வெட்டியுமில்லை. கிழமைக்கு ஒரு நாள், ஒண்டரை மணித்தியாலம். அதுக்கும் எழும்ப ஏலாதெண்டா, நான் ஆருக்காக இவ்வளவு கடிதம் எழுதினனான்?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா சித்தப்பாவை ஒரு தரம் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குள் வந்துவிட்டார். சித்தப்பா மட்டும் தலையைக் குனிந்து "பிழைதான் அண்ணை, பிழைதான்" என்று சொல்லிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் என்னை ஒருவரும் கேட்கவில்லை, கேட்காமல் சொல்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை. தப்பிவிட்டேன் என்ற சந்தோஷம் இருந்தது, அதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

அடுத்த கிழமை கழகம் வேறொரு கீப்பரைப் பிடித்துக்கொண்டது. அவர் நன்றாகவே பாய்ந்தார். பருவம் முடியும்வரை சித்தப்பா கோட்டுக்கு வெளியே, ஜக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். அணிக்குள் அவருக்கு நித்திரைத் தம்பி என்று பெயர் வந்தது. பிள்ளைகள் நித்திரை அங்கிள் என்றார்கள். நானும் நித்திரைச் சித்தப்பா என்று கூப்பிட்டேன். எல்லோரும் சிரித்ததால் எனக்கும் அது நல்ல பெயராகத்தான் பட்டது.

செப்டெம்பரில் பூங்கா ஒன்றில் பருவ முடிவுக் கொண்டாட்டம் நடந்தது. இறைச்சி வாட்டினார்கள், பரிசு கொடுத்தார்கள். ஆகக் கூடுதலாகக் கோல் அடித்தவருக்கு ஒரு கிண்ணம், சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு கிண்ணம். கடைசியாக நித்திரைச் சம்பியன் என்று அறிவித்து, வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பொதி ஒன்றைக் கப்டன் அங்கிள் எடுத்தார். சித்தப்பாவின் வீட்டுப் பிள்ளை என்பதால் என்னைக் கூப்பிட்டு அதைக் கொடுக்கச் சொன்னார். உள்ளே ஒரு புதுத் தலையணி. சித்தப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினார். பூங்காவே சிரித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது நான்.

சித்தப்பா எங்கள் ஹோலில், சோபாவில் படுத்தார். ஆனால் இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் படுத்திருந்ததை நான் கண்டதே இல்லை. அம்மா ஐந்து மணி வேலைக்கு எழும்புவதற்குள் அவர் எழும்பிப் போர்வையை மடித்து ஒளித்துவிடுவார். பகலில் சோபாவில் சாயவும் மாட்டார். யாராவது கதவைத் தட்டினால் வீடு கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திறப்பார். படகில் வந்தவர்கள் சும்மா இருந்து சாப்பிடுகிறார்கள் என்று வானொலியிலும் பஸ்ஸிலும், சில நேரம் எங்கள் ஆட்களின் வீடுகளிலும்கூடச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சொல் தன்மேல் விழுந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் விடியமுன் எழும்பிய மனிதர், என்னுடைய இரண்டு மணித்தியாலப் பிழையை மறைக்க எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். பஸ் வரவில்லை என்றிருக்கலாம், காய்ச்சல் என்றிருக்கலாம். அவசரத்தில் அவர் வாயில் வந்தது அது ஒன்றுதான். ஒருவரும் மேலே கேள்வி கேட்காமல் உடனே நம்பியதும் அதைத்தான்.

இதெல்லாம் நான் பிறகு விளங்கிக்கொண்டவை. அன்றைக்குப் பூங்காவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா தலையணியை என்னிடம் நீட்டி, "இதை நீ வைச்சிரம்மா" என்றார். அவர் சோபாவில் குளிக்கிற துவாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறார் என்பது அம்மா சொல்லி எனக்குத் தெரியும். தலையணியோ புதியது, நல்ல மெத்தென்று இருந்தது. அவருக்கு ஏன் அது பிடிக்கவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.