குச்சவெளி பஸ்ஸின் தீ மந்திரம்

ஆளுக்கொரு வேடம் எடுத்து, மேசையைச் சுற்றி இருந்து கதையாக நாங்கள் ஆடிய விளையாட்டில் மந்திரவாதிக்கு எதுவும் பிறவியிலேயே வராது. கிடைக்கிற ஓலையிலிருந்து மந்திரத்தைத் தன் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு காலையும் அதைப் படித்து மனதில் ஏற்ற வேண்டும். படிக்காத நாளில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். இவ்வளவும் விதிப் புத்தகத்தில் இருந்தது. விளையாட்டை நடத்துகிறவன் என்ற தலைக்கனத்தில் நானும் ஒன்றைச் சேர்த்தேன்: மந்திரத்தின் சொற்களை ஆடுகிறவரே ஆக்கி, கொப்பியைப் பாராமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் ஆட்டம். அயல்வீட்டு நண்பர் வாள்வீரன், அவர் மனைவி திருடி, என் மனைவி மந்திரவாதி. அவள் குச்சவெளியில் படிப்பித்தவள். தினமும் பஸ்ஸில் கேட்ட கொண்டக்டரின் கூவலையே தீ மந்திரமாக்கிவிட்டாள்.

"உப்புவெளி, ஆறாம் கட்டை, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி!"

"இதுக்கு நெருப்பு வருமோ?" என்று நண்பர் சிரித்தார்.

"மிதிபலகையில நிண்டு போய்ப் பாருங்கோ. வயிறு எரியும்," என்றாள்.

போன வருடம் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பிள்ளை ஒரு படத்தாளைத் தந்தாள். தண்ணீர்க் குவளை, கழிவறை, சோற்றுத் தட்டு, வலியில் சுளித்த முகம். "ஒரு நாளைக்கு மூண்டு தரம் காட்டுங்கோ ஐயா. அவ சொல்லுமட்டும் பொறுத்திருங்கோ."

பொறுமை எனக்கு எப்போதும் வேப்பங்காய். ஒரு கிழமை காட்டினேன். அவள் வாய் கோணும், கண் கலங்கும், சொல் வராது. அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது. எட்டாம் நாள் காலை அவளுடைய மந்திரக் கொப்பியை எடுத்து மெல்ல வாசித்தேன். உப்புவெளி என்றேன். அவள் உதடு அசைந்தது. அதிலிருந்து நான்காம் நாள் குச்சவெளி வரை தனியே சொல்லிவிட்டாள். நான் குசினிக்குள் போய் அழுதேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னேன்.

படத்தாள் அலுமாரிக்கு மேலே போனது. மூன்று மாதமாகக் காலையில் மந்திரக் கொப்பிதான். கிளினிக்கில் கேட்டால், படம் பார்க்கிறா என்று பொய் சொன்னேன். முழுதாகத் தேறிய பிறகு காட்டி அசத்தலாம் என்று நினைப்பு.

கடைசியில் ஒருநாள் கிளினிக்கில் அவளைப் பெருமையாகச் சொல்ல வைத்தேன். அந்தப் பிள்ளை கேட்டுவிட்டு, தண்ணீர்க் குவளைப் படத்தைக் காட்டினாள். "இது என்னம்மா?"

"உப்புவெளி, ஆறாம் கட்டை, நிலாவெளி..."

வலியில் சுளித்த முகப் படத்தைக் காட்டினாள். அதற்கும் அதே வரிசைதான்.

"இது பேச்சில்லை ஐயா. ஒண்டு ரெண்டு எண்ணுற மாதிரி, தானாக வாறது. நீங்கள் படம் காட்டேல்லையோ?"

"இல்லை."

"பேச்சு திரும்பி வாறதுக்கு முதல் மாதங்கள்தான் நல்ல காலம்," என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப தொடங்கினாலும் பிழையில்லை," என்றாள். அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றே படத்தாளை இறக்கினேன். ஆனால் இப்போது எது வேண்டுமென்றாலும் அவள் வாயில் அந்தப் பாதைதான் வருகிறது.

போன கிழமை மதியம் கதிரையிலிருந்து என்னைப் பார்த்து அதைச் சொன்னாள். "தண்ணியா?" தலையை ஆட்டி மறுத்தாள். "காத்தாடி போடவா? கழிவறைக்கா? எங்கயாவது நோகுதா?" ஒன்றுமில்லை. திரும்பவும் சொன்னாள், இன்னும் சத்தமாக. மூன்றாம் தரம் அழுதுகொண்டு தொடங்கினாள். எனக்குக் களைத்துவிட்டது.

"ஓமப்பா, விளங்குது," என்று தலையைத் தடவினேன்.

நிலாவெளி என்ற சொல்லோடு நிறுத்திவிட்டாள். நான் பொய் சொல்வது அவளுக்கு எப்போதும் தெரியும். இடக்கையால் என் கையை மெல்லத் தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதையும் சொல்வதில்லை. படத்தாளை எடுத்தாலோ எதையாவது கேட்டாலோ கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளுக்குத் தாகமா, வலியா என்பதை இப்போது நான்தான் முடிவு செய்கிறேன்.