எல்லார் வீடும் ஷிஃப்ட் ஆச்சு

வீடு ஷிஃப்ட் பண்ற தொழில்ல பீரோ கனக்காது; பீரோவைக் காட்டி "இது லேசுதாங்க, உள்ள ஒண்ணுமில்ல"ன்னு சொல்றாங்களே, அந்தப் பேச்சுதான் கனக்கும். வாழ்க்கையில ஒரு தடவையாவது வீடு மாத்தி, மிக்ஸி ஜாரைத் தேடி மூணு நாள் அலைஞ்சவங்க எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

எங்க கே.ஜி.எஃப்.ல தங்கச் சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாச்சு. ஷிஃப்டை மட்டும் யாரும் மூடல. காலையில வர்றேன்னு யாரும் சொல்ல மாட்டோம், ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வர்றேன்னுதான் சொல்வோம். கல்யாணத்துல ரெண்டாவது பந்திக்கு செகண்ட் ஷிஃப்டுன்னு பேரு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா ஒரு ஷிஃப்ட் தூங்கினதாக் கணக்கு. பக்கத்து வீட்டு மாமியாரும் மருமகளும் மாறி மாறிக் கத்தினா, "இன்னா, இன்னிக்கு டபுள் ஷிஃப்டா?"ன்னு கேப்போம். பெங்களூருக்கு ரயில்ல போய் வர்ற பசங்களுக்கு கம்பெனியும் ஷிஃப்டு, கம்ப்யூட்டர்ல தட்டற கட்டையும் ஷிஃப்டு. நோயாளியை வார்டு மாத்தினா ஷிஃப்டு. வீடு மாத்தினா ஷிஃப்டு. அந்தக் கடைசி ஷிஃப்டு என் பங்குக்கு வந்தது. இருபது வருஷமா ஒரு டெம்போ வெச்சு ஓட்டறேன்.

ஆனா ஊர்ல எல்லார் வீட்டையும் ஏத்தி இறக்கின எனக்கு, சொந்த வீட்டை நகர்த்த மனசு வரல. நான் பொறந்தது, வளர்ந்தது, கல்யாணம் பண்ணது எல்லாம் இங்க ஊரிகத்துல, சுரங்கத் தொழிலாளிங்களுக்கு வரிசையாக் கட்டின லைன் வீட்லதான். என் சம்சாரம் ஜெயந்தி பெங்களூர் ஆஸ்பத்திரி ஒண்ணுல ஸ்டாஃப் நர்ஸு. விடியறதுக்கு முன்னாடியே ரயில் பிடிச்சு, இருட்டினப்புறம் வந்து இறங்குவா. பங்காருபேட்டைக்குப் போயிட்டா பெரிய ரயில் லைன், வண்டிக்கு மேல வண்டி, வெளிச்சம் வந்தப்புறம் கிளம்பலாம்னு மூணு வருஷமாச் சொல்றா. பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கறா, வீட்ல நாங்க ரெண்டே பேர். நானும் "போலாம், போலாம்"னு மூணு வருஷமாச் சொல்றேன்.

வெளியே வராத கட்டில்

எங்க ஊர் பாலகாட் பக்கம் ஒரு வீடு. அண்ணன் தம்பிங்க மூணு பேரு, எல்லாருக்கும் அறுபதை ஒட்டின வயசு. சின்ன வயசுல மூணு பேருமே சுரங்கத்துல வேலை செஞ்சவங்க. வீட்ல இருந்தது ஒரே கட்டில். பெரியவர் எழுந்து வேலைக்குப் போனா நடுவுல உள்ளவர் வந்து படுப்பாரு, அவர் போனா சின்னவர். அந்தக் கட்டில் ஆறவே ஆறாதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

இரும்புக் குழாய்ல செஞ்ச கட்டில். யாரோ வெல்டரைக் கூட்டியாந்து, ரூமுக்குள்ளயே வெச்சு வெல்டிங் அடிச்சிருக்காங்க. அன்னிக்கு யாருக்கும் வாசல் ஞாபகம் வரல. நிமித்திப் பாத்தோம், சாய்ச்சுப் பாத்தோம், என் லோடர் குப்புசாமி அண்ணன் கதவையே கழட்டிப் பாத்தாரு. ம்ஹூம். "வெட்டித்தான் எடுக்கணும்"னு நான் சொன்னதும் மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. அப்புறம் நெருக்கியடிச்சு மூணு பேரும் அதும்மேல மல்லாந்து படுத்துக்கிட்டு, என் கையில போனைக் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னாங்க. பெரியவர் படுத்தபடியே சொன்னாரு: "வெட்ட வேணாம் பாபு, அடுத்து வர்றவன் படுத்துக்கட்டும். நாப்பது வருஷத்துல மூணு பேரும் ஒரே ஷிஃப்ட்ல படுத்தது இன்னிக்குத்தான்."

மூணு தட்டு

குப்புசாமி அண்ணன் சின்ன வயசுல கேஜ்ல மணி அடிச்சவரு. கேஜ்னா ஆளுங்களை ஏத்திக்கினு சுரங்கத்துக்குள்ள இறங்கற இரும்புக் கூண்டு. அதுல மூணு மணி அடிச்சா ஆள் ஏறறாங்கன்னு அர்த்தம். மேல இருக்கறவன் உயிரே போனாலும் கூண்டை அசைக்கக் கூடாது. எங்க டெம்போவுக்கும் அதுதான் சட்டம். பின்னால தகரத்துல மூணு தட்டு விழுந்தா நான் கிளட்ச்லருந்து காலை எடுக்க மாட்டேன்.

ஒரு நாள் பெங்களூர்ல ஒரு அடுக்குமாடி வீட்ல லோடு ஏத்தினோம். நானும் அண்ணனும் முன்னால உக்காந்துட்டோம். அந்த ஊர் ஆள் ஒருத்தர் பின் கதவைச் சாத்திட்டு, நல்லா பலமா மூணு தட்டு தட்டினாரு. ஆள் ஏறுதுன்னு நாங்க காத்திருந்தோம். மறுபடி மூணு தட்டு. இன்னும் ஒருத்தர் ஏறறாரு போலன்னு அண்ணன் சொன்னாரு. மறுபடி மூணு. "குடும்பமே ஏறுதா இன்னா?"ன்னு நான் கேட்டேன். பின்னால ஹாரன் சத்தம், செக்யூரிட்டி விசில், நாங்க ரெண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கோம். கடைசியில வீட்டுக்கார அம்மாவே மாடியிலருந்து இறங்கி, மூச்சு வாங்க என் ஜன்னல்கிட்ட வந்தாங்க. மூணு தட்டுக்கு எங்க ஊர்ல இன்னா அர்த்தம்னு விளக்கினேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "சரிங்க, எங்க ஏறணும்னு காட்டுங்க, நானே ஏறிக்கிறேன். வண்டியை மொதல்ல எடுங்க."

ரிட்டர்ன் பார்ட்டி

பூதிகோட்டையில ஒரு வீட்டுக்கு நான் நாலு தடவை போயிருக்கேன். அதே சாமான், அதே அட்டைப் பெட்டி. மருமக கோவிச்சுக்கினு தனிக்குடித்தனம் போவா. ரெண்டு மாசத்துல மாமியாருக்கு மூட்டு வலி வரும், திரும்பி வருவா. வலி போனதும் கோவம் வரும். நாலாவது தடவை நான் பெட்டியை இறக்கறப்போ கயித்தைக்கூட யாரும் அவுக்காம இருந்ததைப் பாத்தேன். அந்தப் பொண்ணு கொஞ்சமும் வெக்கப்படாம எனக்கு மோர் கொடுத்துச்சு. "பிரிக்கறதில்லண்ணா, அடுத்த தடவை உங்களுக்கும் சுலபம்."

சாமி கணக்குல ஆனி

செவ்வாய், சனி யாரும் வீடு மாத்த மாட்டாங்க. ஆடி மாசம் முழுக்க நான் டெம்போவைத் துடைச்சுக்கினு உக்காந்திருப்பேன். போன வருஷம் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில பாத்திரக் கடை வெச்சிருக்கற செட்டியார் ஒருத்தரு வீடு காலி பண்ண வேண்டியதாப் போச்சு. புது வீட்ல பெயின்ட் வேலை முடிய ஆடி ஆயிடும். மனுஷன் சாமி விஷயத்துல ரொம்பக் கறார்.

இன்னா பண்ணாரு தெரியுமா? ஆனி மாசம் நல்ல நாள் பாத்து, ஒரு காமாட்சி விளக்கு, ஒரு கைப்பிடி உப்பு, ஒரு குடம் தண்ணி, இவ்வளவையும் ஆட்டோவுல கொண்டுபோய் புது வீட்ல வெச்சு, பெயின்ட் டப்பாவுக்கு நடுவுல பாலும் காய்ச்சிட்டு வந்துட்டாரு. ஆடி பொறந்து பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டாரு. நான் தயங்கினேன். அவர் என்னைப் பாத்து, சின்னக் கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு: "சாமிக்கு நாங்க ஆனியிலயே போயாச்சுப்பா. இது பின்னால வர்ற லக்கேஜு."

வீட்டுக்கு வந்து இந்தக் கதையை ஜெயந்திகிட்டச் சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கல. சோறு போட்டுக்கினே கேட்டா: "உப்பு ஒரு கைப்பிடி போதுமாமா?"

பீரோவுக்கு அழுவற ஆம்பளை

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். காலியான வீட்டைப் பாத்தா எனக்குத் தாங்காது. சுவத்துல காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரியும். கதவோரத்துல கொழந்தைங்க உயரத்தைப் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருப்பாங்க. யார் வீடோ, எனக்கு இன்னா வந்தது? ஆனா கண்ணு கலங்கிடும். பார்ட்டி பாத்துடுவாங்கன்னு கயித்தை இறுக்கற மாதிரி திரும்பிக்குவேன்.

எங்க லைன்ல ஒரு குடும்பத்தை ஒசூருக்கு அனுப்பின அன்னிக்கு, வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கல. ஜெயந்தி அப்பத்தான் ரயில்லருந்து வந்து, கால் ரெண்டையும் பக்கெட் தண்ணியில வெச்சுக்கினு உக்காந்திருந்தா. பாதம் வீங்கிப் போயிருந்தது. அதைப் பாத்ததும் எனக்கு என் மேலயே கோவம் வந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கல. "வீடு மாத்தறதுன்னா சும்மா இல்ல ஜெயந்தி, உயிரே போயிடுது"ன்னு சொல்லிட்டேன். அவ தண்ணியிலருந்து காலை எடுக்காமலே என்னைப் பாத்தா. "டெய்லி ஆறு பேரை பெட்டு மாத்தறேன். தலைப்பக்கம் ஒருத்தி, கால்பக்கம் ஒருத்தி, மூணு எண்ணித் தூக்குவோம். நாங்க ஆளையே ஷிஃப்ட் பண்றோம், அழுவறதில்ல. நீங்க பீரோவுக்கு அழுவுறீங்க."

ஊரிகத்துலருந்து ஒரு லோடு

இந்த வருஷம் வைகாசியில, கூட வேலை செய்யற ஒருத்தங்களோட மாடி வீடு பங்காருபேட்டை ஸ்டேஷன் பக்கத்துல காலியாச்சுன்னு ஜெயந்தி கூட்டிக்கினு போய்க் காட்டினா. நல்ல வீடு. காத்து வருது, தண்ணி வருது. குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல. பின்னால வேப்ப மரம் இருக்குது, இலை கொட்டும்னு சொன்னேன். அப்புறம் பொண்ணு பரீட்சை, அப்புறம் டெம்போவுக்கு டயர், அப்புறம் "அய்யோ, ஆடி வந்துடுச்சே, இனிமே ஆவணிதான்". ஜெயந்தி தலையாட்டிட்டு டிஃபன் பையை எடுத்து மாட்டினா. தப்பிச்சேன்னு நெனச்சேன்.

ஆடி ரெண்டாவது புதன்கிழமை. ஜெயந்திக்கு அன்னிக்கு லீவு. நான் விடிஞ்சதும் டீ குடிச்சிட்டு ஸ்டாண்டுக்குப் போய், மத்தியானம் வரைக்கும் டெம்போவைத் துடைச்சுக்கினு இருந்தேன். குப்புசாமி அண்ணன் வந்து நின்னாரு. "பாபு, ஒரு லோடு வந்திருக்குது. ஊரிகத்துலருந்து பங்காருபேட்டைக்கு."

"ஆடியில யாருண்ணா ஷிஃப்ட் பண்றது? பைத்தியமா?"

"நீ வண்டிய எடு, வூட்டை நான் காட்டறேன்."

ஊரிகம் ஸ்டேஷன் தாண்டி எங்க லைனுக்குள்ளயே திரும்பச் சொன்னாரு. சரி, நம்ம தெரு ஆளுதான் யாரோன்னு நெனச்சேன். என் வீட்டு வாசல்ல நிறுத்தச் சொன்னப்பகூட, தண்ணி குடிக்கப் போறாருன்னுதான் நெனச்சேன். அப்பத்தான் பாத்தேன். வாசல்ல பன்னெண்டு அட்டைப் பெட்டி வரிசையா இருக்குது. ஒவ்வொண்ணுலயும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி, இன்ன சாமான்னு எழுதி வெச்சிருக்குது. மிக்ஸி ஜாருக்குத் தனிப் பெட்டி. இருபது வருஷத்துல இவ்வளவு ஒழுங்காக் கட்டி வெச்ச பார்ட்டியை நான் பாத்ததே இல்ல. ஜெயந்தி கொண்டையை இறுக்கி முடிஞ்சுக்கினு கதவுகிட்ட நின்னா.

"ஜெயந்தி, ஆடி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"விளக்கு, உப்பு, தண்ணி மூணும் ஆனியிலயே போயாச்சு. பாலும் காய்ச்சியாச்சு. நீங்களும் லக்கேஜும்தான் பாக்கி."

ஓடிப் போய் சாமி அலமாரியைப் பாத்தேன். காமாட்சி விளக்கு இருந்த இடத்துல ஒரு மண் அகல் இருந்தது. மூணு வாரமா அதுலதான் விளக்கேத்திக்கினு இருந்திருக்கா. விளக்கைப் புடவையில சுத்தி, டிஃபன் பையில வெச்சு, வேலைக்குப் போற வழியில பங்காருபேட்டையில இறங்கி வெச்சிட்டு, அடுத்த வண்டியில போயிருக்கா. ஊர் சாமானையெல்லாம் எண்ணி ஏத்தறவன், என் வீட்டு விளக்கு போனதை நான் கவனிக்கல. வெக்கமா இருந்தது. சிரிப்பும் வந்தது. மூணு வருஷம் கெஞ்சினவளுக்கு இதைத் தனியா செய்ய வெச்சிட்டேனேன்னு நெஞ்சு வலிச்சது.

முதல் பெட்டியைத் தூக்கினேன். பீரோவை அண்ணனும் நானும் எடுத்தோம். அது லேசாத்தான் இருந்தது, ஜெயந்தி காலையிலயே உள்ள இருந்ததை எல்லாம் எடுத்துட்டா. எல்லாம் ஏறினப்புறம் காலி வீட்டுக்குள்ள போய் நின்னேன். காலண்டர் இருந்த இடம் வெள்ளையா இருந்தது. கதவோரத்துல என் பொண்ணோட பென்சில் கோடு. வழக்கம்போல கயித்தை இறுக்கற மாதிரி திரும்பலாம்னா, கையில கயிறு இல்ல.

வண்டியில வந்து உக்காந்தேன். பின்னால அண்ணன் தகரத்துல மூணு தட்டு தட்டினாரு. நான் அசையல. ஜெயந்தி கதவைப் பூட்டி, மெதுவா ஏறி, என் பக்கத்துல உக்காந்து, புடவைத் தலைப்பை எங்கிட்ட நீட்டினா. "அழுவறதுன்னா இங்கயே ஒரு ஷிஃப்ட் அழுதுடுங்க. வண்டி ஓட்டறப்போ வேணாம்."

இப்போ அவ வெளிச்சத்துல கிளம்பறா, பாத வீக்கமும் குறைஞ்சிருக்குது; வேப்ப இலையைக் கூட்டித் தள்ற ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எனக்கு. இருபது வருஷமா ஊரையே ஏத்தி இறக்கின ஒரு ஆளை ஊரிகத்துலருந்து பங்காருபேட்டை வரைக்கும் நகர்த்த, ஒரு நர்ஸம்மாவும் ஒரு கைப்பிடி உப்பும் தேவைப்பட்டதுன்னா, இந்தத் தொழில்ல எது கனமான சாமான்னு நீங்களே சொல்லுங்க.