கடலுக்கு நீலம் அடிக்க ஒரு ஏர்பிரஷ்

முதல் கம்ப்ரசரை ஓடவிட்டதும் பெரம்பலூர் பெயிண்ட் கடையே அதிர்ந்தது. அலமாரியில் இருந்த டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசிப் பல்லைக் கடித்தன. எங்கள் தலைமையாசிரியை கைப்பையை மார்போடு அணைத்தபடி அதன் பக்கத்தில் நின்று, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் அதே குரலில் மனப்பாடமாகப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். கடைக்காரரைக் கடையின் மறுகோடியில் நிறுத்தியிருந்தார். தன் பெயர் வந்ததும் அவர் "உள்ளேன் டீச்சர்" சொல்ல வேண்டும். பெயர் இரண்டு முறை வந்து போனது. மனிதர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே நின்றார்.

"இது வேணாங்க. அடுத்தத எடுங்க."

"டீச்சர், இத வாங்குனீங்கன்னா டயருக்கும் காத்தடிச்சுக்கலாம்."

"எங்க பள்ளிக்கூடத்துல டயர் இல்லீங்க. ஒண்ணாம் வகுப்புதான் இருக்கு."

செந்துறைப் பக்கம் ஒரு சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் அப்போது நான் ஆசிரியன். ஆசிரியர் கூட்டம் என்றால் அவரும் நானும். வாக்கெடுப்பு நடந்தால் அவர் ஜெயிப்பார். என் வயதுக்காரர்கள் மனை வாங்குவார்கள், இல்லையென்றால் சர்க்கரை வாங்குவார்கள். நான் விரல் உயரப் பொம்மைகளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து அவற்றுக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்தேன். இது என் சொந்த நோய் என்றுதான் நினைத்திருந்தேன். ஒண்ணாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்ற பேச்சு வந்தபோது, அந்த நோய் பள்ளிச் சொத்தாகிவிட்டது. இணைத்தால் எங்கள் குழந்தைகள் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த லாரிகளின் வேகத்தைப் பார்த்தவர்கள், ஆறு வயதுக் குழந்தையை அந்தப் பக்கம் அனுப்பச் சம்மதிக்க மாட்டார்கள்.

"சார், இந்த மண்ணு ஒரு காலத்துல கடலா இருந்துச்சுன்னு நீங்கதான அளந்துவுட்டீங்க? அத செஞ்சு காட்டுங்க. தாய்மாருங்க வந்து பாக்கட்டும்," என்றார் தலைமையாசிரியை. நான் அளந்துவிடவில்லை. எங்கள் ஊரில் உழும்போது சங்குபோலச் சுருண்ட கற்கள் கிடைக்கும். பிள்ளைகள் அவற்றைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் சுருள் உயிர்களையும் நீண்ட கழுத்துக் கடல் விலங்குகளையும் களிமண்ணில் விரல் நீளத்துக்குச் செய்து, மேசை அளவுக்கு ஒரு கடல் அமைப்பதாகத் திட்டம். தூரிகையால் அடித்தால் கடல் வரிவரியாகச் சேலைக் கரை மாதிரி வந்தது. மேலே வெளிறி, கீழே போகப்போகத் தெரியாமல் கறுக்கும் நீலத்துக்கு, காற்றால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ்தான் வழி.

வாங்கும் விஷயத்தில் நான் தயாராகவே போயிருந்தேன். பார்த்த வீடியோக்களுக்கு ஒரு பட்டமே கொடுத்திருக்கலாம். பொத்தானை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம் என்று இரண்டும் தனித்தனியாக விரலுக்கு அடங்கும் ஏர்பிரஷ் வேண்டும். வண்ணக் கிண்ணம் மேலே இருக்க வேண்டும், துளிகூட வீணாகாது. நுனித்துளை பாயிண்ட் மூன்று மில்லிமீட்டர். அதைவிடச் சிறியதைக் கடைக்காரர் நீட்டியபோது, கண்ணிமை வரைவதற்கு ஆசைப்பட்டு அன்றாடம் அடைப்பு எடுக்க நான் தயாரில்லை என்று சொல்லிவிட்டேன். கம்ப்ரசரில் காற்றைச் சேர்த்துவைக்கும் சிறு தொட்டி கட்டாயம்; இல்லையென்றால் காற்று விக்கி விக்கி வரும், கடலுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்க ஒரு வடிகட்டி. இவை எல்லாவற்றிலும் நான் சொன்னதே சரி, இன்றைக்கும் சரி. சத்தத்தை மட்டும் தலைமையாசிரியை தன் வருகைப்பதிவால் முடிவு செய்தார். மூன்றாவது இயந்திரம் ஓடும்போதுதான் கடைக்காரர் மறுகோடியிலிருந்து, "உள்ளேன் டீச்சர்!" என்று கத்தினார். கத்தாமல் சொல்லச் சொல்லி இன்னொரு முறை வாங்கிய பிறகே பில் போடச் சொன்னார். அரியலூரில் பஸ் மாறி, கம்ப்ரசரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொழந்த மாதிரி வெச்சிருக்கீங்க, அரை டிக்கெட் போடவா?" என்றார்.

கடல் நன்றாக வந்தது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய பூச்சாகப் பூச்சின் மேல் பூச்சு கொடுத்தேன். ஒரே ஒரு நெடுங்கழுத்து விலங்கை மட்டும் வண்ணமில்லாமல் விட்டுவைத்தோம். கண்காட்சி நாளில் தாய்மார்கள் கண்ணெதிரே நான் அதற்கு உயிர் கொடுப்பதாக ஏற்பாடு. அன்று காலை, நான் சட்டையை மாற்றப் போயிருந்த நேரத்தில், தலைமையாசிரியை புது இயந்திரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். கம்ப்ரசருக்குச் சந்தனம், குங்குமம். ஏர்பிரஷ் மட்டும் என்ன பாவம் செய்தது? அதன் மூக்கிலும் ஒரு பொட்டு.

எந்த வீடியோவிலும் சந்தனத்தைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. வகுப்பறை நிறைய அம்மாக்கள். நான் மந்திரவாதியைப்போல் கையை உயர்த்தி விரலை இழுத்தேன். காற்று சீறியது, வண்ணம் வரவில்லை. இன்னும் இழுத்தேன். விலங்கின் முதுகில் மஞ்சளாக ஏதோ துப்பியது, அதோடு நின்றது.

பின்வரிசையில் ஒருத்தி, "கடல்ல தண்ணி வத்திப்போச்சு போலருக்கு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி முன்னால் வேலை கெட்டால் என்ன நடக்கும் என்று இருபது வருடச் சர்வீஸில் எனக்குத் தெரியும். தலைமையாசிரியை எழுந்து வந்து ஏர்பிரஷின் மூக்கைக் குனிந்து பார்த்தார்.

"அய்யய்யோ, நாந்தான் சார். காலைல சந்தனத்த நல்லா அப்பிட்டேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தன்னைப் பார்த்தே சிரித்தார். அடுத்து, "கழட்டிக் கழுவுங்க, நாங்க இருக்கோம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஊசியை உருவி, மூக்கைக் கழற்றி, டம்ளர் தண்ணீரில் அலசினேன். அத்தனை அம்மாக்களும் அதைச் சமையல் பார்ப்பதுபோல் பார்த்து, ஆலோசனையும் சொன்னார்கள். ஒருத்தி தலையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அதை மட்டும் மரியாதையாக மறுத்தேன். பிறகு நீலம் வந்தது. கைதட்டினார்கள்.

பள்ளி திறந்த வாரத்தில், தன் மகனை அரியலூர் வேன் பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"சார் செஞ்ச கடலப் பாத்துட்டுத்தான வந்தீங்க?" என்று தலைமையாசிரியை எனக்காகவே கேட்டார்.

"கடலு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். ஆனா அத்தன பேரு முன்னாடி அது கெட்டுப்போச்சுல்ல? நீங்க சார திட்டுவீங்கன்னு பாத்தேன். நாந்தான்னு சொல்லிச் சிரிச்சீங்க. இவன் தட்டக் கீழ போட்டாலே நடுங்குவான் டீச்சர். அதான் இங்கயே கொண்டாந்துட்டேன்."

அந்த அம்மாவைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். இணைப்புப் பேச்சு அடங்கியது. அந்தக் குழந்தைகள் லாரிச் சாலையைத் தாண்டாமலே ஐந்தாம் வகுப்பு முடித்தார்கள். தலைமையாசிரியை ஓய்வுபெற்று மகளோடு போய்விட்டார். எனக்குப் பெரம்பலூருக்கு மாறுதல். வீட்டில் இப்போது வேறொரு கம்ப்ரசர் இருக்கிறது. பள்ளியில் வாங்கியதைவிடச் சத்தம் குறைந்தது, தொட்டி பெரியது. என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இன்றும் தயங்காமல் சொல்கிறேன். ஏர்பிரஷ் இன்றும் அவ்வப்போது அடைத்துக்கொள்கிறது. ஊசியை உருவித் தனியாக உட்கார்ந்து கழுவுகிறேன். தவறு முழுக்க என்னுடையதாகவே இருக்கிறது. பங்கு கேட்க யாரும் வருவதில்லை.