கிலுகிலுப்பை மேஸ்திரி

நாயுடுபுரத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, வட்டக்கானல் பக்கம் நடக்கப் போவேன். அங்கே புல்சரிவில் மஞ்சளாகப் பூத்திருந்த கிலுகிலுப்பைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் காட்டிலாகாக்காரர்கள் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு ஒரு மேஸ்திரி. பொத்தான் இல்லாத காக்கிக் கோட்டைக் கயிற்றால் கட்டியிருப்பார். பெண்கள் பிடுங்கிக்கொண்டே வர, அவர் நாலு அடி முன்னால் போய் ஒவ்வொரு காயையும் காதருகே ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வந்தால் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"வெதை சார். குடிசைக்குப் பின்னாடி போடுறேன். மூணு வருசமா ஒண்ணும் மொளைக்கல. இந்தத் தடவ வெந்நீர்ல ஊறப்போட்டேன், நாலு வந்திருக்கு."

"மருந்துக்கா?"

"ஒண்ணுக்கும் ஆகாது சார்."

"பிறகு ஏன்?"

"பிடுங்கச் சொல்றது நாந்தானே. வேற யாரு வைப்பா?" என்றவர், பெண்கள் பக்கம் திரும்பி, "ஏத்தா, வெரசா பிடுங்குங்க, மழை வருது" என்று அதட்டினார்.

அடுத்த வருடம் அவரை வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள். குடிசைக்குப் பின்னால் இருபது செடிகள் பூத்துக் கிடந்தன. புதிதாக வந்த மேஸ்திரி மண்வெட்டியோடு நின்றார்.

"இது என்ன செடி சார்? வெட்டிரவா?"

"சர்க்கார் செடி. தொட்டுராதீங்க" என்றேன். வாத்தியார் சொன்னால் நம்பிவிடுவார்கள்.

மறுவாரம் போனேன். சுற்றி வேலி போட்டிருந்தார்.